ஆப்பிரிக்க இனக்குழுக்களுக்கு இடையே கலப்புத் திருமணம்: படிப்பும் நகரமும் மட்டும்தான் காரணமா?

தன்னோடு மேற்படிப்பு படிக்கும் நைஜீரிய மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மாணவர் இக்போ இனம், அவர் கட்டிக்கொள்ளப்போகும் பெண் யோருபா இனம். இரண்டு வீட்டிலும் முதலில் முறுக்கிக்கொண்டார்களாம், இப்போது இறங்கி வந்துவிட்டார்களாம். "ஆப்பிரிக்காவில் இப்படி வேற்று இனத்தில் கல்யாணம் செய்வது புதுப் பழக்கமா? படிப்பும் நகர வாழ்க்கையும் வந்து பழைய கட்டுப்பாட்டை உடைக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏன் கலக்கிறார்கள் என்பது ஒன்று. கலப்பதால் இனப் பிடிப்பு தளர்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, நாம் எதிர்பார்க்கும் பதில் வராது.

நான் படித்தது சமூகவியல். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியிலும், பிறகு தான்சானியாவிலும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். அதனால் அந்த இரண்டு நாடுகளைப் பற்றிப் பார்த்ததை வைத்துப் பேச முடியும். கென்யா, கானா, நைஜீரியா, ருவாண்டா பற்றிச் சொல்வதெல்லாம் படித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டத்தை ஒரே வாக்கியத்தில் அடைப்பவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள், என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் 'புதுப் பழக்கமா' என்பதைப் பார்த்துவிடலாம். இல்லை. ஆப்பிரிக்க இனக்குழுக்கள் பலவற்றில் ஒரே குலத்துக்குள் பெண் எடுக்கக் கூடாது என்ற விதி கடுமையானது. ஆகவே பெண் வெளியிலிருந்துதான் வரவேண்டும். எவ்வளவு தூரத்து வெளி என்பதில்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம். கென்யாவின் கிகுயு மக்கள் விவசாயிகள், பக்கத்திலிருந்த மசாய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள். ஒரு பக்கம் சண்டையும் மாடு கவர்தலும் நடந்தன. இன்னொரு பக்கம் தானியத்துக்குத் தோல் மாற்றிக்கொண்டார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். வடக்குச் சோமாலிகள் தூரத்துக் குலத்தில் பெண் எடுப்பதை விரும்பியதற்குக் காரணம் வெளிப்படையானது. வறண்ட நிலத்தில் மழை எங்கே பெய்யும் என்று தெரியாது. பெய்த இடத்தில் ஒட்டகத்தை மேய்க்கவும் கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் அங்கே ஒரு சம்பந்தி வீடு இருந்தால் நல்லது.

எல்லாமே இப்படிச் சம்மதத்தோடு நடந்தவை அல்ல. இன்றைய சாம்பியாவின் கிழக்கே வாழும் ங்கோனி மக்களின் முன்னோர் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பக்கமிருந்து கிளம்பி, 1835-இல் சாம்பேசி ஆற்றைக் கடந்து வந்த போர்க்கூட்டம். வழியெல்லாம் ஊர்களை வென்று, அங்கிருந்த பெண்களை மனைவியராக்கிக்கொண்டார்கள். வென்றது ஆண்கள், ஆனால் பிள்ளை வளர்த்தது அந்தத் தாய்மார். விளைவு, சிப்பாட்டா பக்கத்து ங்கோனிகள் இன்று வீட்டில் பேசுவது தெற்கிலிருந்து முன்னோர் கொண்டுவந்த மொழியை அல்ல. செவா, ந்செங்கா போன்ற உள்ளூர் மொழிகளை. ஆனால் அரசர், வாரிசு முறை, போர் நடனம் எல்லாம் ங்கோனி. 'கலப்பு' என்றால் இரண்டும் சமமாகக் கலப்பது என்று நாம் நினைக்கிறோம். பழைய ஆப்பிரிக்கக் கலப்பில் பெரும்பாலும் ஒரு குழு மற்றதைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. தென்சூடானில் நுவேர் மக்கள் டிங்கா மக்களைச் சேர்த்துக்கொண்ட கதையும் இதுதான்.

இந்த நெகிழ்வு குறைந்தது காலனி ஆட்சியில். வரி வாங்கவும் தலைவரை நியமிக்கவும் ஆள் எந்த இனம் என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. எழுதி வைத்த பிறகு அது மாறவில்லை. அதே ஆட்சிதான் எதிர்த்திசையிலும் தள்ளியது. 1920-களின் இறுதியில் வடக்கு ரொடீஷியாவில், அதாவது இன்றைய சாம்பியாவில், பெரிய செம்புச் சுரங்கங்கள் திறக்கப்பட்டபோது நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்து ஆண்கள் வந்து குவிந்தார்கள். கிட்வே, லுவான்ஷ்யா, முஃபுலிரா குடியிருப்புகளில் பெம்பா இனத்தவர் வீட்டுக்குப் பக்கத்தில் லோசி இனத்தவர், அதற்கடுத்து நியாசாலாந்திலிருந்து, அதாவது இன்றைய மலாவியிலிருந்து, வந்தவர். கிராமத்தில் பெண் பார்த்துப் பேசி முடிக்கும் மாமன்மார் யாரும் கூட இல்லை. முதல் தலைமுறைக் கலப்பு மணங்கள் பலவும் தற்காலிக ஏற்பாடுகளாக இருந்தன. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனபோது உடைந்தன. அடுத்த தலைமுறை சுரங்க நகரத்திலேயே பிறந்தது, அங்கேயே உருவான நகரப் பெம்பா மொழியைப் பேசியது, ஒரே பள்ளிக்குப் போனது. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் 'வேற்று இனம்' என்பது அப்பா சொல்லித்தான் தெரியும்.

இங்கே புத்தகங்களில் அதிகம் வராத ஒரு காரணத்தைச் சொல்லவேண்டும். சாம்பியாவிலும் தான்சானியாவிலும் சில இனங்களுக்கிடையே கேலி உறவு உண்டு. நம் ஊரில் மாமன் மச்சான் எப்படி ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளலாமோ, அப்படி ஒரு இனமே இன்னொரு இனத்தைக் கேலி செய்யலாம், யாரும் கோபப்படக் கூடாது. பெம்பாவும் ங்கோனியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடுமையாகச் சண்டை போட்டவர்கள்; இன்று அவர்கள் கேலி உறவினர். ங்கோனிகள் பெம்பாக்களைக் குரங்கு தின்பவர்கள் என்பார்கள், பெம்பாக்கள் திருப்பி எலி தின்பவர்கள் என்பார்கள். சாவு வீட்டில்கூட இது நடக்கும். தான்சானியாவில் இதற்கு உத்தானி என்று பெயர். அங்கே சாவு வீட்டில் கேலி உறவுக்காரர்களுக்குச் செய்யவேண்டிய வேலைகளே உண்டு. இந்த உறவு இருக்கும் இரண்டு இனங்களுக்கிடையே சம்பந்தம் பேசுவது எளிது, பதற்றத்தைச் சிரிப்பு வாங்கிக்கொள்கிறது.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் சிப்பாட்டாக்காரர், ங்கோனி. பெண் கசாமாப் பக்கத்துப் பெம்பா. மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தில் ஆள் எண்ணிக்கைக்காக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண் வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே வர ஒரு காசு, உட்கார ஒரு காசு. உட்கார்ந்தது தரையில். மாப்பிள்ளை பேசக் கூடாது, அவருக்காகப் பேச ஷிபுகோம்பே என்ற தூதர் இருக்கிறார். அவர் ஒரு தட்டில் பணத்தை வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துணி கட்டி முன்னே நகர்த்தினார். கேட்க வந்திருக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. ங்கோனிகள் தந்தைவழிக்காரர்கள், அதனால் பெண்ணின் அப்பாவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்கள். பெம்பாக்கள் தாய்வழிக்காரர்கள், முடிவு சொல்லவேண்டிய தாய்மாமன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்ற முகத்தோடு. "எலி தின்னிகளுக்கு மாமன் யார் என்றுகூடத் தெரியவில்லை" என்று ஒரு கிழவி சத்தமாகச் சொல்லி அதற்கு ஒரு அபராதமும் போட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அபராதம் கட்டப்பட்டது, பேச்சு மாமன் பக்கம் திரும்பியது. கேலி உறவு இல்லாத இரண்டு இனங்களாக இருந்திருந்தால் அந்த இடத்தில் யாராவது எழுந்து போயிருப்பார்கள்.

அன்று கண்ணுக்குத் தெரிந்தது சடங்கு. அடியில் இருந்தது பிள்ளை யாருடையது என்ற பேரம். பழைய பெம்பா முறையில் மாப்பிள்ளை பெரிய பரிசம் போடமாட்டார். மாமனார் ஊரில் தங்கிக் காடு வெட்டி, வயலில் உழைத்துக் கொடுப்பார், பிள்ளைகள் தாயின் குலம். ங்கோனி முறையில் மாடு கொடுத்துப் பரிசம் போட்டால் பிள்ளைகள் தந்தையின் குலம். இரண்டு முறையும் ஒரு வீட்டில் சந்தித்தால் என்ன ஆகும்? நடைமுறையில் காசு பேசுகிறது. முழுப் பரிசமும் கட்டிய கணவர் பிள்ளைகள் தனக்கே என்பார், மனைவியின் குலம் அதை வாயால் ஒப்புக்கொண்டு மனத்தால் ஒப்புக்கொள்ளாது.

அடுத்த காரணம் அரசு. என் அனுபவத்தில் படிப்பைவிடவும் இதுதான் பெரியது, குறிப்பாகத் தான்சானியாவில். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள நாடு அது, எந்த ஓர் இனத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. முதல் அதிபர் நியரேரே சுவாகிலி மொழியை எல்லோருக்கும் பொதுவாக்கினார். மேல்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சொந்த வட்டாரத்தை விட்டு வேறு வட்டாரத்துக்கு அனுப்பினார்கள். தேசிய சேவை முகாம், அரசு ஊழியருக்கு வெளியூர்ப் பணி, எல்லாம் ஒரே திசையில் தள்ளின. 1967-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ன என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். நான் பாடம் எடுத்த வகுப்பில் சாகா, ஹாயா, சுகுமா, மகோண்டே எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் இருந்தார்கள். அவர்கள் பின்னாளில் யாரைக் கட்டிக்கொள்வார்கள் என்பதில் அந்த விடுதிக்குப் பெரிய பங்கு இருந்தது. எல்லைக்கு அப்பால் கென்யாவில் இந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அங்கே நிலமும் பதவியும் இனவாரியாகவே அரசியலாயின.

நைஜீரியா இரண்டுக்கும் நடுவில். உள்நாட்டுப் போர் 1967-இலிருந்து 1970 வரை நடந்தது. அந்தக் காயம் ஆறாத 1973-இல் தேசிய இளைஞர் சேவைத் திட்டம் வந்தது. பட்டம் முடித்தவர்கள் ஒரு வருடம் தங்கள் மாநிலத்துக்கு வெளியே போய் வேலை செய்யவேண்டும். கேள்வியில் வரும் ஜோடி மாதிரி எத்தனையோ ஜோடிகள் அந்த முகாம்களில் சந்தித்தவர்கள். ஆனால் அதே அரசு பள்ளி இடத்துக்கும் அரசு வேலைக்கும் 'பூர்வீக மாநிலம் எது' என்று படிவத்தில் கேட்கிறது, பிள்ளைக்கு வழக்கமாக அப்பாவின் மாநிலம்தான் எழுதப்படும். ஒரு கையால் கலக்கச் சொல்லி, இன்னொரு கையால் பிரித்து எழுதுகிறது.

இக்போ என்றதும் இன்னொன்று. வேற்று இனத்தில் பெண் கொடுக்கச் சம்மதிக்கும் குடும்பம்கூட, தன் இனத்துக்குள்ளேயே ஓசு என்று ஒதுக்கப்பட்ட வம்சத்தில் கொடுக்க மறுப்பது உண்டு. முன்னொரு காலத்தில் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். 1956-இலேயே கிழக்கு நைஜீரியாவில் இதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் பெரியவர்கள் இன்றும் ரகசியமாக விசாரிக்கிறார்கள். சாதி பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளியே கலப்பது உள்ளே கலப்பதைவிடச் சுலபமாக இருக்க முடியும்.

மதம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஒரே சபைக்குப் போகும் இருவருக்கு இன வேறுபாடு சின்னதாகத் தெரிகிறது. போதகரே வீட்டாரிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தருவார். நைஜீரியாவின் வடக்கே ஹவுசாவும் ஃபுலானியும் இவ்வளவு கலந்ததற்கு இஸ்லாம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் வேற்று மதத்தில் கட்டுவது பொதுவாக வேற்று இனத்தில் கட்டுவதைவிடக் கடினம். யோருபா மக்கள் இதற்கு விதிவிலக்கு, அங்கே ஒரே குடும்பத்தில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் இருப்பது சர்வசாதாரணம். கலப்பே இல்லாமல் ஒதுங்கியிருந்தவர்கள் என்றால், வெட்கத்தோடு சொல்லவேண்டும், கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறிய நம் இந்தியர்கள். 1972-இல் உகாண்டாவிலிருந்து அவர்களைத் துரத்துவதற்கு முந்தைய ஆண்டே அந்நாட்டு அதிபர் இடி அமீன் இதையும் ஒரு குற்றச்சாட்டாகச் சொன்னார். துரத்தியது கொடுமை. அந்தக் குற்றச்சாட்டில் மட்டும் பொய் இல்லை.

எண்ணிக்கை கேட்பீர்கள். வீடு வீடாகக் கணவன் மனைவி இருவரிடமும் கேட்டு எடுத்த மக்கள்தொகை நல ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், சகாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு திருமணம் இனம் கலந்தது. தலைமுறைக்குத் தலைமுறை கூடியும் வருகிறது. மதம் கலந்தவை அதில் பாதிதான். கூடி வருகிறது என்பதை நம்பலாம். அந்த 'ஐந்தில் ஒன்று' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவேண்டாம். ஒரு நாட்டின் படிவத்தில் பத்து இனம் இருக்கும், இன்னொன்றில் ஐம்பது. சின்னச் சின்ன இனங்களை ஒரே தலைப்பில் சேர்த்தால் கலப்பு குறைந்து தெரியும், பிரித்தால் கூடித் தெரியும். விவாகரத்தில் முடிந்தவையும் கணக்கில் வராது. 'நகரம்தான் காரணம்' என்பதும் இப்படிச் சரிபார்க்க வேண்டியதே: நகரத்தில் கலப்பு அதிகம் என்பது உண்மை, ஆனால் கலந்து கட்டியவர்கள் ஊர்வாயிலிருந்து தப்பிக்க நகரத்துக்கு வந்திருக்கவும் கூடும். எது முன், எது பின் என்று ஓர் ஆய்வுப் படிவம் சொல்லாது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். கலந்து கட்டினால் இனப் பிடிப்பு தளருமா? கல்யாண நாளைப் பார்த்தால் தளர்ந்த மாதிரி தெரியும். சாவு நாளைப் பார்க்கவேண்டும். கென்யாவில் எஸ். எம். ஓட்டியெனோ என்ற பெயர்பெற்ற வழக்கறிஞர், லுவோ இனம். மனைவி வம்புயி கிகுயு இனத்தின் பெரிய குடும்பத்துப் பெண், விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர். 1963-இல் சட்டப்படி பதிவுத் திருமணம், நைரோபியில் நவீன வாழ்க்கை. 1986 டிசம்பரில் ஓட்டியெனோ இறந்தார். நைரோபிக்கு அருகில் உள்ள தங்கள் நிலத்தில் புதைக்க மனைவி ஏற்பாடு செய்தார். கணவரின் உமிரா காகெர் குலம் குறுக்கே வந்தது, லுவோ ஆண் பூர்வீக மண்ணில்தான் புதைக்கப்படவேண்டும் என்று. உடல் பிணவறையில் கிடக்க, வழக்கு ஐந்து மாதம் நடந்தது, நாடே பத்திரிகையில் படித்தது. 1987 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் குலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: எப்படி வாழ்ந்தாலும் லுவோ லுவோதான், வாழ்க்கை முறையால் வழக்கத்தை உதற முடியாது. பூர்வீக ஊரான நியால்குங்காவில் புதைத்தார்கள். மனைவி போகவில்லை.

சொத்திலும் இதே கதை. கானாவில் ஆக்கான் மக்கள் தாய்வழி, எவே மக்கள் தந்தைவழி. ஆக்கான் தாய்க்கும் எவே தந்தைக்கும் பிறந்த பிள்ளைக்கு இரண்டு பக்கமும் குலம் உண்டு. தாய் எவே, தந்தை ஆக்கான் என்றால் பழைய வழக்கப்படி இரண்டு பக்கமும் இல்லை. அப்பாவின் சொத்து அவருடைய சகோதரி மகனுக்குப் போய்விடும். 1985-இல் கொண்டுவந்த வாரிசுச் சட்டம் மனைவி மக்களுக்கு முதலிடம் கொடுத்தது. சாம்பியாவில் கணவர் இறந்த மறுவாரமே உறவினர் வந்து கட்டில், குளிர்சாதனப் பெட்டி, கார் வரை அள்ளிக்கொண்டு போவது எங்கள் காலத்தில் நடந்தது; எய்ட்ஸ் சாவுகள் பெருகியபோது அது இன்னும் மோசமானது. 1989-இல் சட்டம் வந்தது: உயில் இல்லாமல் இறந்தால் பிள்ளைகளுக்கு 50 சதவீதம், துணைக்கு 20, பெற்றோருக்கு 20, சார்ந்திருந்த மற்றவர்களுக்கு 10. குலத்துக்கு வெளியே இருந்து வந்த மருமகள்தான் அதிகம் பறிகொடுத்தவள், அவளுக்காகப் பேச அந்த ஊரில் ஆள் இல்லை. கேள்வியில் வந்த அந்த இக்போ-யோருபா ஜோடி என் பேச்சைக் கேட்பதாக இருந்தால் ஒன்று சொல்வேன்: திருமணத்தை முறையாகப் பதிவு செய்துகொள்ளட்டும், உயில் எழுதி வைக்கட்டும். காதல் எல்லாம் அதற்கு அப்புறம்.

கலப்பு மணம் பெருகினால் இனக் கலவரம் ஓயும் என்ற நம்பிக்கையும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு நடந்த வன்முறையில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று சிதறிய குடும்பங்களும் அதில் உண்டு. ருவாண்டாவில் ஹூட்டுவும் டுட்சியும் ஒரே மொழி, ஒரே மதம், ஒரே மலைச்சரிவு. கலப்பு மணம் அங்கே அபூர்வமே இல்லை. பெல்ஜிய ஆட்சி 1930-களில் அடையாள அட்டையில் இனத்தை அச்சிட்டது, பிள்ளைக்குத் தந்தையின் இனம். 1990 டிசம்பரில் ஹூட்டுத் தீவிரவாதிகளின் கங்குரா பத்திரிகை வெளியிட்ட 'ஹூட்டுக்களின் பத்துக் கட்டளைகளில்' முதலாவதே டுட்சிப் பெண்ணை மணப்பவன் துரோகி என்பதுதான். டுட்சிகளைக் கொன்று குவித்த 1994 படுகொலையில் ஹூட்டுக் கணவர்கள் சிலர் டுட்சி மனைவியைக் காப்பாற்றினார்கள். சில வீடுகளில் மனைவியையும் அவள் பக்கத்து உறவினரையும் கொன்றார்கள். பிறகு வந்த அரசு அட்டையிலிருந்து இனத்தை நீக்கியது, கணக்கெடுப்பில் கேட்பதும் இல்லை. அதனால் அங்கே அதற்குப் பிறகு கலப்பு மணம் கூடியதா குறைந்ததா என்பதற்கு யாராவது ஓர் எண் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.